இரண்டு பக்கமும் கார்டு

ஊறவைத்த அவரைக்கொட்டையைச் சரசம்மா பிதுக்கிக்கொண்டிருந்தாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு அழுத்து. தோல் கையில் நின்றுகொள்ளும், பருப்பு வழுக்கித் தட்டில் போய் விழும். மார்கழி தை இரண்டு மாதமும் ஓசூர்ப் பக்கத்தில் எந்தப் பெண்ணின் கையைப் பார்த்தாலும் விரல்நுனி ஊறி வெளுத்துத்தான் இருக்கும். பிதுக்கம்பருப்புக் குழம்பு வேண்டாமென்று சொல்கிற ஆள் அந்த ஊரில் இல்லை. பிதுக்கித் தருகிறேன் என்று வந்து உட்காருகிற ஆளும் இல்லை. அவள் புருஷன் ராமப்பன் கம்பெனியில் செக்யூரிட்டி. ஷிப்ட் முடிந்து வந்து உள்ளே குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

மாதேஸ்வரியின் மகன் பிரதாப் வாசலில் பைக்கை நிறுத்தினான். இறங்கக்கூட இல்லை.

"பெரிம்மா, அம்மா உங்களை வரச் சொன்னாங்க. சாயந்தரம் வந்தா போதும்."

அவன் போனதும் சரசம்மா தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தாள். மாதேஸ்வரி வீட்டுப் படியை அவள் மிதித்து ஆறு வருஷமாகிறது. இருவருக்கும் சண்டை என்று யாரும் சொல்ல முடியாது. கோயிலில் பார்த்தால் சிரிப்பார்கள், கல்யாண வீட்டில் எதிரெதிர் இலையில் உட்கார்ந்தால் சாப்பாடு எப்படி என்று கேட்டுக்கொள்வார்கள். அவ்வளவுதான். ஒரு காலத்தில் இருந்ததை நினைத்தால் அது ஒன்றுமேயில்லை.

பாகலூர் ரோட்டில் இருந்த ரோஜாப் பண்ணையில் இரண்டு பேரும் பதினோரு வருஷம் ஒரே மேசையில் நின்றவர்கள். காலை ஆறரைக்கு வேன் வரும். பிளாஸ்டிக் கூரை போட்ட பெரிய கொட்டகைகளிலிருந்து அறுத்து வருகிற பூவைத் தண்டின் நீளம் பார்த்துப் பிரிப்பது, அடி இலையையும் முள்ளையும் உருவுவது, இருபது இருபதாக அட்டை சுற்றிக் கட்டுவது, இதுதான் வேலை. சரசம்மா நீளம் பார்ப்பாள், மாதேஸ்வரி கட்டுவாள். ஜனவரி கடைசியில் தொடங்கி பிப்ரவரி பத்து வரைக்கும் சாப்பிட உட்காரக்கூட நேரமிருக்காது. சீமையில் யாரோ யாருக்கோ காதல் சொல்ல இங்கே இவர்கள் விரலில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். "ஒருத்தனாவது நமக்கு ஒரு பூ குடுத்திருப்பானாக்கா?" என்று மாதேஸ்வரி கேட்பாள். சூப்பர்வைசர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு இரண்டு பேரும் சிரிப்பார்கள். சரசம்மா டப்பாவில் களி இருந்தால் மாதேஸ்வரி டப்பாவில் குழம்பு இருக்கும். முந்தின நாளே பேசி வைத்திருப்பார்கள். தண்ணீரும் இலையும் கலந்த அந்தப் பச்சை வாசனை இப்போதும் ஏதாவது பொக்கே கடை வாசலைத் தாண்டும்போது வந்தால், சரசம்மாவுக்கு நடை தானாகவே மெதுவாகிவிடும்.

பண்ணை வேலை பிழைப்பு. அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது வேறு. எலக்‌ஷன் வந்தால் வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்க ஊரில் அவளை விட்டால் ஆள் கிடையாது. வீட்டில் பேசுவது தெலுங்கு, தெருவில் தமிழ், அம்மா வழியில் கன்னடம். மூன்று பாஷையிலும் வாசலில் நின்று பேசத் தெரியும். எந்த வாசலில் எதைப் பேசக்கூடாது என்றும் தெரியும். முதல்முறை 2001இல் டிராக்டரின் பின்னால் நின்றுகொண்டு போனாள். அந்தப் பதினைந்து நாளும் கௌரவமான நாட்கள். மற்ற நாளில் அவளைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போகிறவர்கள் அப்போது நாற்காலி எடுத்துப் போடுவார்கள், மோர் கொடுப்பார்கள், மருமகளைப் பற்றிப் புகார் சொல்வார்கள். வேட்பாளர் வெளியில் கும்பிட்டுக்கொண்டு நிற்க, சரசம்மா சமையலறை வரைக்கும் போய்விட்டு வருவாள். யாருக்காகப் போனாலும் அவருக்காக மட்டுமே பேசுவாள். எதிராளியைப் பற்றி ஒரு வார்த்தை வாயில் வராது. "சரசம்மா வாக்கு குடுத்தா மாறமாட்டா" என்று எதிர்க்கட்சிக்காரனே சொல்வான். அதில் அவளுக்கு ஒரு கர்வம் உண்டு.

அந்தக் கர்வம்தான் 2019 டிசம்பரில் அவள் வாயைத் திறந்தது.

பஞ்சாயத்துத் தலைவருக்குக் கங்கப்பன் நின்றார். செங்கல் சூளை வைத்திருந்தவர், சொல்லப்போனால் நல்ல மனுஷர். கோபம் மட்டும் கொஞ்சம் முன்னால் வரும். அவர் தீபாவளி முடிந்ததுமே சரசம்மாவிடம் பேசி வைத்துவிட்டார். மாதேஸ்வரி நிற்பது என்று முடிவானது அதற்கு ஒரு மாதம் கழித்து. சரசம்மா தவித்துப்போனாள். மாதேஸ்வரிதான் சமாதானம் சொன்னாள்: வாக்கு கொடுத்தாயிற்று, போ, ஓட்டு வேறு நாம வேறு. அப்படித்தான் நடந்தது. காலையில் ஒரே வேனில் போய்விட்டு, மாலையில் ஒருத்தி கங்கப்பனின் பூட்டு சாவிக்கும் ஒருத்தி தன் மூக்குக் கண்ணாடிச் சின்னத்துக்கும் ஓட்டுக் கேட்டார்கள். ஊரே வேடிக்கை பார்த்தது.

ஓட்டுப்பதிவுக்கு ஒரு வாரம் இருந்தபோது ஊர் மாதேஸ்வரி பக்கம் சாய்வது போலத் தெரிந்தது. கங்கப்பன் தன் ஆட்கள் நடுவில் வைத்துச் சரசம்மாவைக் கேட்டார்: "பகல்ல அவகூட டப்பா பிரிச்சுத் தின்னுட்டு சாயந்தரம் எனக்கு ஓட்டு கேக்கறியா? யாருக்கும்மா நீ வேலை பாக்கறே?"

பதினெட்டு வருஷத்தில் அவளை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அன்று சாயந்தரம் ஐந்து வீட்டில் அவள் ஒரு கேள்வி கேட்டாள். மாதேசிக்கு அந்தப் பக்கமும் ரேஷன் கார்டு இருக்குதாம், அங்கேயும் ஓட்டு இருக்குதாமே, உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா?

கார்டு விஷயம் பாதி நிஜம். மாதேஸ்வரி பிறந்தது ஆனேக்கல் பக்கம், கர்நாடகத்தில். அவள் அம்மாவின் கார்டில் அவள் பேர் எடுக்கப்படாமலே இருந்தது. எடுத்தால் கிழவிக்கு அரிசி குறையும். பண்ணையில் ஒருநாள் சோற்று டப்பாவைக் கழுவும்போது அதைச் சொன்னவளே மாதேஸ்வரிதான். "தம்பிக்கும் எனக்கும் மட்டும்தான்கா தெரியும்" என்றும் சொன்னாள். சரசம்மாவும் பதிலுக்குத் தன் வீட்டு ரகசியத்தைச் சொன்னாள்: எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில் கட்டிக்கொடுத்த மகள் ராஜாத்தியின் பேர் இன்னும் தன் கார்டில்தான் இருக்கிறது. இரண்டு பேரும் சிரித்தார்கள். ஓட்டு விஷயம்தான் முழுப் பொய். மாதேஸ்வரிக்கு ஓட்டு இந்த ஊரில் மட்டும்தான். அதைச் சரசம்மா தானாகச் சேர்த்தாள்.

ஐந்து வீட்டுக் கேள்வி மறுநாள் ஐம்பது வீட்டில் பதிலாகிவிட்டது. முதல் இரண்டு நாள் வேலை செய்தது என்றுதான் சொல்லவேண்டும். திருநெல்வேலி, விருதுநகர்ப் பக்கமிருந்து கம்பெனி வேலைக்கு வந்து லைன் வீடுகளில் குடியிருந்தவர்கள், இரண்டு பக்கமும் சாப்பிடுகிறவளா இவள் என்று முகம் சுளித்தார்கள். கங்கப்பனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஆட்டோவில் மைக் கட்டினார். ரெண்டு பக்கமும் கார்டு வைத்திருக்கிறவர்களைக் கணக்கெடுத்துத் தாசில்தாரிடம் கொடுப்பேன், இதுதான் என் முதல் வேலை என்று மூன்று பாஷையிலும் தெருத்தெருவாக முழங்கினார்.

அங்கேதான் ஆள் கவிழ்ந்தார். அந்த ஊரில் பாதி மருமகள்கள் எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து வந்தவர்கள். ஒருத்திக்கு அம்மா வீட்டுக் கார்டில் பேர் இருக்கும், ஒருத்திக்கு அண்ணன் பேரில் கேஸ் சிலிண்டர் இருக்கும், ஒருத்தியின் பிள்ளை மாமா வீட்டில் தங்கிக் கன்னட ஸ்கூலில் படிக்கும். இது தப்பு என்று அதுவரை அவர்களுக்குத் தோன்றியதேயில்லை. பொறந்த வீட்டில் தன் பேர் இருப்பதில் என்ன தப்பு? மைக் சத்தம் கேட்டதும் தெலுங்குத் தெருவில் கதவுகள் மூடின. சரசம்மா போய்த் தட்டினால் உள்ளே ஆள் இருந்தும் பதில் வரவில்லை. அவள் மகள் ராஜாத்தியே போன் போட்டு, "ஏம்மா, என் பேரையும் அந்த ஆளுகிட்ட எழுதிக் குடுத்துடுவியா?" என்று கேட்டாள். ஓட்டுப்பதிவு அன்று புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மருமகள் கூட்டம் விடியும்போதே வரிசையில் நின்றது. தலைவர் பதவிக்கான ரோஸ் கலர் சீட்டில் மூக்குக் கண்ணாடி எழுபத்து நான்கு ஓட்டில் ஜெயித்தது.

டீக்கடையில் அந்தப் பேச்சு ரொம்ப நாள் ஓடியது. பொய் சொன்னதால்தான் கங்கப்பன் தோற்றார் என்பது ஒரு கட்சி. பொய் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, மைக்கில் போட்டதுதான் கேடு என்பது இன்னொரு கட்சி. முடிதிருத்துகிற முனிவேல் மட்டும், ஒன்றும் சொல்லாமல் வீட்டில் படுத்திருந்தால் கங்கப்பன் இருநூறு ஓட்டில் ஜெயித்திருப்பார் என்று கடைசிவரை சாதித்தான். கங்கப்பனே பின்னாளில் அதைச் சொல்லிச் சிரிக்கிற அளவுக்கு ஆறிப்போனார்.

ஆறாத விஷயம் ஆனேக்கல் பக்கம் நடந்தது. யாரோ அங்கேயும் மனு எழுதிப் போட்டார்கள். கிழவியின் கார்டு ஒரு வருஷம் நிறுத்தி வைக்கப்பட்டது. தம்பி அக்காவைக் கூப்பிட்டு, நீதான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை என்றான். அதற்குப் பிறகு பண்டிகைக்கு அழைப்பு இல்லை. கொரோனா இரண்டாவது வருஷத்தில் அம்மா போய்ச் சேர்ந்தபோது தலைவர் மாதேஸ்வரி காரில் போய், மாலை போட்டுவிட்டு, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பினாள் என்று டிரைவர் சொன்னான்.

இந்த ஆறு வருஷத்தில் எத்தனையோ தரம் சரசம்மா அந்த வீடு வரைக்கும் வந்து திரும்பியிருக்கிறாள். சொல்லிவிட வேண்டும். அவள் திட்டட்டும், செருப்பைக் கழற்றட்டும், பிறகு பழைய மாதிரி ஆகிவிடும். இன்று அவளே கூப்பிடுகிறாள் என்றால் அதற்காகத்தான் இருக்கும் என்று நினைத்தாள்.

சாயந்தரம் போனபோது மாதேஸ்வரி முன்னறையில் உட்கார்ந்திருந்தாள். சுவரில் கலெக்டரோடு எடுத்த படம், குடிதண்ணீர்த் தொட்டித் திறப்புவிழாப் படம். பதவி முடிந்து ஒரு வருஷமாகிறது. அடுத்த பஞ்சாயத்து எலக்‌ஷன் எப்போது வருமென்று யாருக்கும் தெரியாது, வந்தால் மறுபடி நிற்பாள் என்று எல்லோருக்கும் தெரியும். பிரதாப் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு வாசலுக்குப் போனான். முட்டி வலி, பண்ணையை மூடியது, யார் யார் எங்கே வேலைக்குப் போகிறார்கள் என்று பேச்சு ஒரு சுற்று வந்தது. சரசம்மாவுக்கு மனது இளகியது. கொஞ்சநேரம் பழைய மேசைக்கு எதிரெதிராக நிற்பது போலவே இருந்தது.

பிறகு மாதேஸ்வரி விஷயத்துக்கு வந்தாள். இந்த முறை காற்று தன் பக்கம் இல்லை. ரோடு போட்டதும் தொட்டி கட்டியதும் யாருக்கும் ஞாபகமில்லை. போன தடவை எதிராளி பழி போட்டதால்தான் ஜனம் தனக்காக வரிசையில் நின்றது.

"என்னை யாராச்சும் திட்டுனாத்தான்கா நான் நல்லவளா தெரியறேன்" என்றாள். "அந்தக் கார்டுப் பேச்சையே மறுபடி கெளப்பணும். எதிராளிங்க சொல்ற மாதிரி. நீ ஆரம்பிச்சா சரியா வரும்."

சரசம்மா காபி டம்ளரைக் கீழே வைத்தாள். "நானா?"

"போன தடவையும் நீதானே ஆரம்பிச்சே."

குரலில் கோபம் இல்லை. அதுதான் சரசம்மாவுக்குத் தாங்க முடியவில்லை. எப்போது தெரியும் என்று கேட்டாள். அன்றைக்கே தெரியும் என்றாள் மாதேஸ்வரி. கார்டு விஷயத்தை வேறு யாரிடம் சொல்லியிருந்தேன்?

"அப்ப ஏன்டி என்னைக் கேக்கல?"

"கேட்டிருந்தா நீ ஆமான்னு சொல்லியிருப்பே. பொய் பேச உனக்கு வராது, அன்னைக்கு ஒருநாளைத் தவிர." மாதேஸ்வரி லேசாகச் சிரித்தாள். "வுடுக்கா. அதுலதான் எனக்குத் தலைவர் சேர் கெடச்சுது. நல்லதுதானே ஆச்சு."

சரசம்மாவுக்குச் சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. முதலில் வந்தது தொழில் பேச்சுதான். இந்த முறை அது எடுபடாது என்றாள். அன்று தெருவே பயந்துதான் உனக்குப் போட்டது, உன்மேல் பரிதாபப்பட்டு இல்லை. இப்போது ஆதார், கைரேகை என்று வந்து எல்லாரும் ஒரு பக்கம் பேரை எடுத்துவிட்டார்கள். என் மகள் பேரைக்கூட எடுத்தாயிற்று. போன மாசம்தான் ஓட்டர் லிஸ்ட்டைச் சரிபார்க்க வீடு வீடாக வந்துவிட்டுப் போனார்கள். யாருக்கும் பயமில்லை. இப்போது சொன்னால் நம்பிவிடுவார்கள், அவ்வளவுதான் நடக்கும்.

"வெறும் பழின்னு தெரியற மாதிரி நீ சொன்னா நம்பமாட்டாங்க" என்றாள் மாதேஸ்வரி.

"நான் சொன்னதாலதான் மாதேசி, அன்னைக்கு நம்புனாங்க."

வாசலில் பிரதாப் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தது கேட்டது. மாதேஸ்வரி சுவரிலிருந்த படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டப்போவதில்லை என்று சரசம்மாவுக்கு விளங்கிவிட்டது. ஆறு வருஷமாக அடுக்கி வைத்திருந்த மன்னிப்பு வார்த்தைகளை இங்கே இறக்கி வைக்க இடமே இல்லை. கடைசியில் அவள் வாயில் வந்தது அதில் எதுவுமே இல்லை.

"உங்கம்மா கேட்டாங்களா, யாரு சொன்னதுன்னு?"

மாதேஸ்வரி எழுந்தாள். புடவைக் கொசுவத்தை நீவி விட்டுக்கொண்டு, சரசம்மாவைக் கொண்டுபோய் விடப் பைக்கை எடுக்கச் சொல்லி மகனுக்குத் தெலுங்கில் குரல் கொடுத்தாள். சரசம்மாவின் பக்கம் திரும்பாமலே அறையைத் தாண்டி வெளியே போனாள்.