தோற்பவருக்குப் போடும் நாற்காலி

எங்கள் தொழிலில் சீட்டைத் தொடும் நேரம் குறைவு. எந்த மேசையில் உட்காரலாம், எந்த மேசையைப் பார்த்ததும் ஓடலாம் என்று எடை போடும் நேரம்தான் அதிகம்.

நான் பிளாக்ஜாக் மேசையில் சீட்டு எண்ணுகிறவள். சீட்டுகளின் கூட்டுத்தொகை இருபத்தொன்றைத் தாண்டாமல், சீட்டுப் போடும் டீலரை முந்த வேண்டிய ஆட்டம் அது. சின்னச் சீட்டுகள் நிறைய வெளியே போய், டீலரின் சீட்டுப் பெட்டிக்குள் பத்துகளும் ஏஸ்களும் மிச்சமிருந்தால் ஆடுகிறவர் கை ஓங்கும். அந்த நேரம் பார்த்துப் பந்தயத்தை ஏற்ற வேண்டும். இதில் தில்லுமுல்லு ஒன்றும் கிடையாது. எல்லார் கண்ணெதிரே விழுகிற சீட்டை நானும் பார்க்கிறேன், பார்த்ததை மறக்காமல் இருக்கிறேன்.

டெல்லியில் காசினோ இல்லை. அதனால் எனக்கு வீடு ஜனக்புரியில், வேலை கோவாவிலும் காட்மாண்டுவிலும். குழுவில் மூன்று பேர். கரோல் பாகில் சூட்கேஸ் மொத்த வியாபாரம் செய்யும் சஞ்சய் முதல் போடுவார். சேலத்துக்காரர் பிரகாஷ், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர், பெரிய பந்தயங்களை ஆடுவார். குறைந்தபட்சப் பந்தயமே ஒரு குமாஸ்தாவின் மாதச் சம்பளம் அளவுக்கு இருக்கும் ஹை லிமிட் அறைகளுக்கு முதலில் போய், சின்னதாக ஆடிக்கொண்டே அந்த அறை தேறுமா என்று பார்த்துச் சொல்வது என் பொறுப்பு. வேலையை ஒழுங்காகச் செய்ததற்காகவே எங்காவது திட்டு வாங்கியவர்கள் உங்களில் இருந்தால், மேலே படியுங்கள். என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

யார் வீட்டு அம்மா?

காட்மாண்டுவில் ஒரு பெரிய ஹோட்டல் காசினோ. முதல் தடவை பிரகாஷும் கூட வந்திருந்தார். ஹை லிமிட் அறையில் நான் கவனித்தது ஒரே விஷயம்தான்: டீலர் பெட்டியை எவ்வளவு தூரம் காலி செய்கிறார்? பாதியிலேயே சீட்டைக் கலைத்துவிட்டால் நான் எண்ணியதெல்லாம் வீண். இங்கே கொஞ்சம்தான் மிச்சம் வைத்தார்கள். நல்ல அறை. எனக்குள் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. பிரகாஷ் பாவம், நான் தலைமுடியை ஒதுக்குகிறேனா, வளையலைத் திருகுகிறேனா என்று என் சைகையைப் பார்த்துத்தான் பந்தயம் வைத்தார்.

ஆனால் அந்த அறையின் உபசரிப்பாளருக்கு நான் கண்ணிலேயே படவில்லை. விசிட்டிங் கார்டு பிரகாஷுக்கு, கைகுலுக்கல் பிரகாஷுக்கு, "என்ன சாப்பிடுறீங்க சார்" பிரகாஷுக்கு. என் முன்னாலும் பந்தயச் சில்லுகள் இருந்தன. என்னைத் தாண்டி அவரிடம்தான் எல்லாம் கேட்டார். எண்ணுகிறவளுக்கு இதைவிட நல்ல மறைவிடம் கிடைக்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பல்லைக் கடித்துக்கொண்டேன். கடைசியில் அந்த ஆள் பிரகாஷின் காதருகே குனிந்து, எனக்குக் கேட்கும்படியாகவே சொன்னார்: "மேடத்துக்கு போர் அடிக்குது போல சார், கீழே பியூட்டி பார்லர் இருக்கு, அனுப்பி வைங்களேன்."

பலகை சொன்னது

கோவாவில் ஒரு கப்பல் காசினோ. முதல் இரண்டு சீட்டிலேயே இருபத்தொன்று, அதாவது பிளாக்ஜாக், விழுந்தால் நூறுக்கு நூற்றைம்பது தருவோம் என்று வாசலில் பித்தளைப் பலகை. பளபளவென்று துடைத்து வைத்திருந்தார்கள். அதை நம்பித்தான் டெல்லியிலிருந்து விமானம் ஏறியிருந்தேன். உள்ளே ஹை லிமிட் அறையில் எனக்கு பிளாக்ஜாக் விழுந்தது. தந்தது நூறுக்கு நூற்றிருபது.

உங்களுக்கு இது சின்ன வித்தியாசமாகத் தெரியலாம். எங்களுக்கு அதுதான் சோறு. சீட்டு எண்ணி நாங்கள் சம்பாதிக்கிற மெல்லிய லாபத்தை இந்த ஒரு விதி மொத்தமாக வழித்து எடுத்துவிடும். பணக்காரர்கள் கேட்க மாட்டார்கள் என்ற தைரியத்தில் கீழே சின்ன மேசைகளில் ஒழுங்காகத் தந்துவிட்டு, மேலே பெரிய மேசைகளில் வெட்டுகிறார்கள். நான் மேனேஜரைக் கூப்பிட்டேன். வாசலுக்கே அழைத்துப்போய்ப் பலகையைக் காட்டினேன். அவர் அதை முதல்முறை பார்ப்பவர்போல நிதானமாகப் படித்தார். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார்: "இது டெக்கரேஷன் மேடம், இதையெல்லாம் யாரும் படிக்கிறதில்லையே!"

தீபாவளி மரியாதை

டெல்லியில் காசினோ இல்லை என்றேன். தீபாவளி வந்தால் பண்ணை வீடுகளில் முளைக்கும். சத்தர்பூர் பக்கம் ஒரு பில்டரின் பண்ணை வீட்டில், வாடகைக்கு எடுத்த மேசை, வாடகைக்கு எடுத்த டீலர், வெள்ளிப் பூச்சு போட்ட முந்திரித் தட்டு. இது சட்டப்படி சரியில்லை, நான் வர மாட்டேன் என்று சஞ்சயிடம் சொன்னேன். "ஆடவே வேண்டாம் செல்வி ஜி, சும்மா பாருங்க" என்று கெஞ்சி இழுத்துப் போனார்.

பார்த்தேன். டீலர் பெட்டியைக் கிட்டத்தட்ட அடி வரைக்கும் காலி செய்தார். எண்ணுகிறவளுக்குச் சொர்க்கம்! ஆனால் சின்னச் சீட்டுகள் எல்லாம் போய், இனிமேல் பத்துகளாக விழ வேண்டும் என்கிற இடத்தில் பத்துகள் வரவில்லை. அடுத்த பெட்டியிலும் வரவில்லை. அதற்கடுத்ததிலும் வரவில்லை. பெட்டியில் போடவே இல்லை என்றால் எப்படி வரும்? சஞ்சயைத் தனியே தள்ளிக்கொண்டு போய், இது கலப்படப் பெட்டி, உடனே கிளம்புங்கள் என்றேன். அந்த மனிதர் பட்டுக் குர்தாவைச் சரிசெய்துகொண்டு திரும்பவும் மேசைக்கே போனார். போகிறபோது சொன்னது: "தெரியும் செல்வி ஜி, ஆனா இந்த பில்டர் வீட்டு தீபாவளிக்கு வந்து தோற்காமப் போனா, அடுத்த வருஷம் கூப்பிட மாட்டாங்க."

மரியாதையான விரட்டல்

கோவாவில் இன்னொரு காசினோ, நேர்மையான விதிகள், பெட்டியை அடி வரைக்கும் காலி செய்யும் டீலர்கள். நான் சரி சொன்னேன். பிரகாஷ் மூன்று தடவை போனார். முதல் தடவை தோற்றார், பூங்கொத்து அனுப்பினார்கள். இரண்டாம் தடவையும் தோற்றார். அறை வாடகையைத் தள்ளுபடி செய்தார்கள். மூன்றாம் தடவை ஜெயித்தார். கோட்டு போட்ட இரண்டு பேர் வந்து அவர் தோளில் மெதுவாகக் கை வைத்தார்கள்.

ரூலெட் ஆடலாம், பக்காரா ஆடலாம், பஃபேயில் வேண்டியதைச் சாப்பிடலாம், பிளாக்ஜாக் மட்டும் இனி வேண்டாம் என்றார்கள். நான் பக்கத்து மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மாணவன் நூற்றுக்கு நூறு எடுத்தால், கணக்குப் பரீட்சை மட்டும் நீ எழுதாதே, பாட்டுப் போட்டிக்கு வா என்று எந்தப் பள்ளிக்கூடமாவது சொல்லுமா? எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பிரகாஷ் கோபப்படவில்லை. சில்லுகளை மாற்றிக்கொண்டு படகுத் துறையில் என்னருகே வந்து நின்றார். "பட்டாளத்துல அத்தனை மேஜருங்க என்னைத் திட்டியிருக்காங்க அக்கா, ஆனா இத்தனை மரியாதையா யாரும் என்னைக் கழுத்தப் புடிச்சுத் தள்ளினதில்ல" என்றார்.

எழுப்பின குற்றம்

கோவாவில் அந்தக் கதவு மூடியதும் காட்மாண்டு அறைதான் எங்களுக்கு மிச்சம். பிரகாஷை அனுப்பும் முன் மறுபடி பார்த்து வர நான் தனியாகப் போனேன். மத்தியான நேரம். மேசையில் எனக்கு முன்பே ஒருவர் உட்கார்ந்திருந்தார். சிதம்பரம் சார்.

எங்கள் ஜனக்புரி பிளாக்கிலேயே குடியிருப்பவர். திருநெல்வேலிக்காரர், மத்திய அரசில் நல்ல பதவியில் இருந்து ரிட்டயர் ஆனவர். போன வாரம்தான் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காய் பொறுக்கும்போது பார்த்தேன். ஊர் நிலத்தை விற்றாயிற்று, "பசுபதிநாதரைப் பாக்கப் போறேன்மா" என்று சொல்லியிருந்தார். பசுபதிநாதர் கோயில் அங்கிருந்து கூப்பிடு தூரம். இவர் இங்கே இருந்தார். டிக்கெட், சூட் அறை, கார், எல்லாம் காசினோ செலவு என்பது சுற்றியிருந்தவர்கள் குழைந்த குழைவிலேயே தெரிந்தது. டெல்லித் தமிழருக்கு என்ன பிடிக்கும் என்று விசாரித்து, டபராவில் ஃபில்டர் காபி கொண்டுவந்து கையில் கொடுத்தான் ஒருவன். அந்தக் காபியைப் பார்த்தபோது எனக்கு வந்த ஆத்திரத்தை இப்போதும் என்னால் அடக்க முடியவில்லை.

பெட்டியில் பெரிய சீட்டுகள் எல்லாம் தீர்ந்து போயிருந்தன. இந்த நேரத்தில் எழுந்திருப்பதுதான் ஒரே புத்திசாலித்தனம். அவரோ ஒவ்வொரு தோல்விக்கும் பந்தயத்தை இரட்டித்துக்கொண்டிருந்தார். அறையை எடை போட வந்தவள் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தேன்.

"சார், போதும். எழுந்திருங்க."

"நீயாம்மா? நீ எங்க இங்க?" முகம் வெளிறிவிட்டது. ஆனால் கண் சீட்டைவிட்டு நகரவில்லை. "இப்பத் திரும்பிரும். பேசாம இரி."

"திரும்பாது சார். பெரிய சீட்டெல்லாம் போயாச்சு, நான் பார்த்துக்கிட்டேதான் இருக்கேன். இது உங்க ஊர் நிலத்தை வித்த பணம்தானே?"

"அது எம் பணம். உனக்கென்ன?"

நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். சில்லுகள் சரிந்தன. அடுத்த நொடி மேனேஜரும் இரண்டு காவலர்களும் எனக்கும் அவருக்கும் நடுவில் நின்றார்கள். ஒருவன் சில்லுகளைப் பொறுக்கி அவர் முன்னால் பழையபடி அடுக்கினான். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் அடுத்த பந்தயத்தை வைத்தார். என்னை லிஃப்ட் வரை கொண்டுவந்து விட்ட மேனேஜர், குரலை உயர்த்தாமல் சொன்னார்: "நீங்க சீட்டு எண்ணுறது எங்களுக்கு ரொம்ப நாளாத் தெரியும் மேடம், சின்ன ஆட்டம்தானேன்னு விட்டுட்டோம், ஆனா எங்க கெஸ்ட்டைக் கையைப் பிடிச்சு எழுப்பினீங்க பாருங்க, அதை மன்னிக்க முடியாது."

கரோல் பாகில் பாடம்

திரும்பி வந்து சஞ்சயின் கடைக்குப் போனேன். செய்தி எனக்கு முன்பே வந்திருந்தது. சூட்கேஸ் மலைகளுக்கு நடுவே நின்று, வாடிக்கையாளர்கள் இருப்பதைக்கூடப் பார்க்காமல் கத்தினார். மிச்சமிருந்த ஒரே நல்ல அறையை ஒரு அங்கிளுக்காகக் கெடுத்துவிட்டேனாம். அவர் எனக்கு மாமாவா, மச்சானா என்று கேட்டார்.

நானும் கத்தினேன். அந்த மனுஷன் ஊர் நிலத்தை விற்ற பணத்தைத் தொலைத்துக்கொண்டிருந்தார், நான் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டுமா என்றேன். சஞ்சய் சட்டென்று குரலைத் தாழ்த்தினார். அவர் கத்தியதெல்லாம் எனக்கு இன்று நினைவில் இல்லை. தாழ்த்திச் சொன்னது மட்டும் முள்ளாகக் குத்திக்கொண்டிருக்கிறது: "யோசிச்சுப் பாருங்க செல்வி ஜி, அந்த மாதிரி அங்கிள்கள் தோத்தாத்தான் அந்த அறை நடக்கும், அந்த அறை நடந்தாத்தான் நமக்குப் பிழைப்பு."

கோமதி அக்காவின் கோபம்

அந்த வாக்கியம் உண்மை; அதனால்தான் அவ்வளவு கோபம். அன்றோடு சஞ்சயிடமிருந்து விலகினேன். பிரகாஷும் கொஞ்ச நாளில் விலகி, துவாரகாவில் செக்யூரிட்டி ஏஜென்சி ஆரம்பித்தார். நான் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு வீட்டிலேயே நிகழ்தகவு பாடம் எடுக்கிறேன்.

ஆனால் அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருந்தது. சிதம்பரம் சாரின் மனைவி கோமதி அக்காவிடம் போய், நான் பார்த்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். நான் அங்கே ஏன் இருந்தேன் என்பதையும் சொன்னேன். அவர் அழவில்லை. கணவரைக் கூப்பிட்டு என் முன்னாலேயே உட்கார வைத்து, ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டார். நிலத்துப் பணத்தில் பாதிக்கு மேல் போயிருந்தது. மறுநாளே மிச்சத்தைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். நேபாளம் போக ஏதாவது ஒன்று போதும் என்பதால் பாஸ்போர்ட், வாக்காளர் அட்டை இரண்டையும் பேங்க் லாக்கரில் பூட்டினார். சிதம்பரம் சார் இப்போது என்னைக் கண்டால் எதிர்ச் சாரிக்கு மாறிவிடுகிறார். மாறட்டும், வீட்டில்தான் இருக்கிறார். நான் சொல்லப்போன அன்று என்னை வாசல் வரை வந்து அனுப்பிய கோமதி அக்கா, புடவைத் தலைப்பால் நெற்றியை அழுத்தித் துடைத்தார். அவர் சொன்னார்: "பணத்தக்கூட விட்டுருதேன் செல்வி, பசுபதிநாதர் பிரசாதம்னு ஒரு பொட்டலத்தக் கொண்டாந்து எந் நெத்தியில பூசிவிட்டாவளே, அது ஃபிளைட்டுல பக்கத்துல இருந்தவங்ககிட்ட கேட்டு வாங்குனதாம்!"

இத்தனை வருடம் எத்தனையோ அறைகளை எடை போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்: ஜெயிக்கிறவரை விரட்டுவதற்கும் தோற்கிறவரைத் தாங்குவதற்கும் அவர்களிடம் ஆள் இருக்கிறது, தோற்கிறவரை எழுப்பிவிடத்தான் சம்பளத்துக்கு யாரும் கிடைக்க மாட்டார்கள் போலிருக்கிறது.