அப்பா திருத்திய கௌபாய் பாட்டு

நான் காதலித்தவர் கூடலூரை அடுத்த ஸ்ரீமதுரையில் மாடு வைத்திருந்தார். நான் குன்னூரில் டீச்சர். நடுவே ஊட்டியும் கொண்டை ஊசி வளைவுகளும். சாயங்காலப் பால் கறக்க அவர் ஊர் திரும்பியாக வேண்டுமென்பதால், இரண்டு வருடத்தில் நாங்கள் சந்தித்ததை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அவருக்கு ஒரு பழைய கௌபாய் பாட்டென்றால் பைத்தியம். தூரத்துக் காதலியை நினைத்து மாடு ஓட்டுகிறவன் பாடுவது. அதன் மெட்டுக்குத் தமிழில் வார்த்தை போட்டு, தொழுவத்தில் நின்றபடியே பாடி, வாய்ஸ் மெசேஜில் அனுப்பினார்: ‘மலைக்கு அப்பால் இருக்கும் அன்பே, உன் முகம் காண்பது எந்நாளோ? மாடுகளே, விரைந்து நடங்கள்.’ வெட்கமில்லாமல் சொல்கிறேன், ஒரே நாளில் இருபது தடவை கேட்டேன்.

அப்பாவிடம் சொல்லத்தான் தைரியமில்லை. பக்கத்து வெலிங்டன் ராணுவ முகாமில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அரசாங்க வேலை மாப்பிள்ளைதான் வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றார். அவர் மறுத்தால் மீறிப் போகிற ஆளும் நானில்லை.

ஒரு சனிக்கிழமை பாட்டைப் போட்டுவிட்டுத் துணி தேய்த்துக்கொண்டிருந்தேன். திரும்பினால் வாசலில் அப்பா, கண் கலங்கி நிற்கிறார்.

“யாரு கண்ணு பாடறது? மோட்சத்தப் பத்தி இத்தன எளிமையா யாரும் எழுதலயே!”

“கூடலூர்ப் பக்கம் ஒருத்தருங்கப்பா” என்றேன். பொய்யில்லைதானே.

எங்கள் சர்ச் பாடகர் குழுவுக்கு அப்பாதான் தலைவர்; ‘அன்பே’ என்றது ஆண்டவரை என்றே எடுத்துக்கொண்டார். அடுத்த ஞாயிறே பாட வைத்துவிட்டார். மந்தை என்றால் ஆடுதான் என்று, ‘மாடுகளே’யை ‘ஆடுகளே’ என்று மாற்றியும் விட்டார். எனக்கு வந்த காதல் கடிதத்தைப் பன்னிரண்டு பேர் உருகி உருகிப் பாட, போதகர் கண்மூடிக் கேட்க, நான் கைக்குட்டையைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினேன்.

பாட்டு எழுதியவரைப் பார்த்தே ஆகவேண்டும் என்றார் அப்பா. காலைப் பால் கறந்த கையோடு பஸ் ஏறி வந்தார் என்னவர்.

“எல்லாஞ் சரிங்க தம்பி. ஒரு எழுத்துத்தான் தப்பு. ஆடுன்னு திருத்திட்டேன்.”

என்னவருக்குப் பொய் சொல்ல வராது. “தப்பில்லீங்க ஐயா. மாடுதானுங்க. ஊட்டுல ஏழு நிக்குது.”

“அப்ப மலைக்கு அப்பால்ங்கறது?”

“குன்னூருங்க.” சொன்னவர் என்னைப் பார்த்துத் தொலைத்தார்.

அப்பாவும் என்னைப் பார்த்தார். நான் காபித் தட்டோடு நின்றிருந்தேன். முடிந்தது கதை என்றே நினைத்தேன்.

“ஏங் கண்ணு, சபையே பாடிருச்சே!” என்றார். தோள் குலுங்கியது. அது சிரிப்பு என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரமாயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னவர் பக்கம் திரும்பினார்.

“கல்யாணத்தன்னிக்கு இதப் பாட முடியாதுங்க தம்பி. இது பிரிஞ்சு கெடக்கறவங்க பாட்டு. வேற ஒண்ணு எழுதிட்டு வாங்க.”