கப்பலில் வெங்காயம் உரிக்க வைத்த கர்த்தர்

போன வருடம் ஆகஸ்ட் மாதம், மேற்கு ஆப்பிரிக்காவில் சியரா லியோன் நாட்டுத் துறைமுகத்தில் நின்ற ஒரு மருத்துவக் கப்பலின் சமையலறையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே நான் கர்த்தரோடு சண்டை போட்டேன். அதைத்தான் இன்று சபையில் உங்கள் முன் சாட்சியாகச் சொல்ல நிற்கிறேன்.

என் பெயர் எஸ்தர். நெய்வேலியில் நர்ஸாக இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவள். வைத்திய வசதி இல்லாத நாடுகளுக்கு ஆபரேஷன் தியேட்டரோடு கப்பல் போகிறது, தொண்டு செய்ய நர்ஸ் வேண்டும் என்று கேள்விப்பட்ட நாள் முதல் ஜெபித்தேன். அழைப்பும் வந்தது. என் நர்ஸ் பதிவுச் சான்று மட்டும் வரவில்லை. "அனுப்பிட்டோம், வந்துடும்" என்றார்கள் பதிவு அலுவலகத்தில். நம்பி விமானம் ஏறினேன்.

வரவே இல்லை. அது வரும்வரை நோயாளியைத் தொடக்கூடாது, சமையலறையில் உதவுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். எத்தனை பிரசவம், எத்தனை சுரங்க விபத்து பார்த்த கை இது. இப்போது வெங்காயம். கண்ணும் எரிந்தது, மனசும் எரிந்தது.

வீட்டுக்காரரிடம் போனில் அழுதேன். ஷிப்ட் முடித்து அப்போதுதான் குவார்ட்டர்ஸுக்கு வந்திருந்தார்.

"வெங்காயம் உரிக்கவா அவ்ளோ தூரம் போன? பக்கத்துல மந்தாரக்குப்பத்துல எந்த ஓட்டல்ல கேட்டாலும் குடுத்திருப்பாங்களே."

போனை வைத்துவிட்டேன்.

நோயாளிகளுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பதும் என் வேலை. அப்படித்தான் அமினாட்டாவைப் பார்த்தேன். இளம்பெண். தாடையில் தேங்காய் அளவுக்குக் கட்டி. முக்காட்டால் முகத்தை மூடியே இருப்பாள். மெல்ல முடியாது. நம் ஊர் நொய்க்கஞ்சிபோலக் காய்ச்சி எடுத்துப்போவேன். குடித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொள்வாள். அவள் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவளுக்குத் தெரியாது.

அவளுக்கு ஆபரேஷன் நடந்த அன்று, உள்ளே ரத்தம் நிற்கவில்லை என்ற செய்தி சமையலறை வரை வந்தது. கீழே ஓடி உதவ முடியாத கோபம். ஜெபம் என்ற பெயரில் கத்தித் தீர்த்தேன்.

"ஆண்டவரே, என்னை எதுக்கு இங்க கொண்டாந்தீர்? வேடிக்கை பார்க்கவா? என் ஆசையெல்லாம் போகட்டும், இந்தப் பொண்ணை விட்டுடாதேயும். ஏதாவது செய்யும்."

சொல்லி முடிப்பதற்குள் வார்டு தலைமை நர்ஸ் மூச்சிரைக்க வந்து நின்றார். "எஸ்தர், உங்க ரத்தம் பி நெகட்டிவ்தானே?"

"ஆமாங்க."

"உடனே வாங்க."

அந்தக் கப்பலில் பெரிய ரத்த வங்கி கிடையாது. தேவைப்பட்டால் கப்பலில் இருப்பவர்களிடமே எடுத்து ஏற்றுவார்கள். அந்த வகை ரத்தம் உள்ள மற்ற இரண்டு நர்ஸ்களும் அவளுடைய ஆபரேஷனிலேயே நின்றிருந்தார்கள். அவர்களை வெளியே எடுக்க வழியில்லை. சான்று வந்திருந்தால் நானும் உள்ளேதான் நின்றிருப்பேன். படுத்துக்கொண்டு கையை நீட்டினேன். எடுத்த ரத்தம் சூடு ஆறுவதற்குள் தியேட்டருக்குள் போனது.

அமினாட்டா பிழைத்தாள். கட்டு பிரித்த அன்று கண்ணாடியை வாங்கி நெடுநேரம் பார்த்தாள். பிறகு மொழிபெயர்ப்பவரிடம் ஏதோ கேட்டாள். "கஞ்சி குடுத்த அதே அம்மாவா ரத்தமும் குடுத்தாங்கன்னு கேக்குறா" என்றார் அவர். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவள் சிரித்தாள். அந்த முகத்தில் சிரிப்பை அன்றுதான் பார்த்தேன்.

சான்று, நான் ஊருக்குத் திரும்பப் பெட்டி கட்டும்போது வந்து சேர்ந்தது. மறுபடி எரிச்சல்தான். "முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் சண்டை போடாம உரிச்சிருப்பேனே" என்று கர்த்தரிடமே சொன்னேன்.

நான் பொறுமைசாலியாக மாறிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இப்போதெல்லாம் இந்த வேலைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதில்லை. ஆலயத்தில் பெருக்கச் சொன்னாலும் சரி, மருத்துவ முகாமில் நாற்காலி போடச் சொன்னாலும் சரி, போகிறேன். அவருக்கு ஸ்தோத்திரம்.

உங்களில் யாருக்காவது அவர்மேல் கோபம் இருந்தால், நல்ல வார்த்தை தேடிக்கொண்டு ஜெபத்தைத் தள்ளிப்போடாதீர்கள். கோபத்தோடேயே போய்ப் பேசுங்கள். என் கத்தலைக் கேட்டவர் உங்களுடையதையும் கேட்பார்.