நாக்குத் தடுக்கும் இடம்

என் அக்கா பரீதா தொலைக்காட்சி நாடகங்களுக்கு வசனம் எழுதுகிறவள் என்று சொன்னால் சிங்கப்பூர்த் தேக்காவில் யாரும் நம்ப மாட்டார்கள். பகலில் ஒரு பல் கிளினிக்கில் கவுண்ட்டர் வேலை. அவளிடமிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் நமக்குப் போதும் போதும் என்றாகிவிடும். ஆனால் அவள் எழுதிக் கொடுத்ததை நடிகர்கள் பேசும்போது, நம் வீட்டு ஹாலில் யாரோ சண்டை போடுகிற மாதிரியே இருக்கும்.

அதற்குக் காரணம் அவள் மட்டுமில்லை, அவள் கணவர், என் மச்சான் நூருல் அமீனும்தான். துவாஸில் ஒரு கிடங்கில் சூப்பர்வைசர். கதை, கற்பனை எதிலும் ஆர்வம் கிடையாது. அக்காவின் நாடகம் ஓடும்போதே சோபாவில் குறட்டை விடுவார். ஆனால் அவள் எழுதியதை அச்செடுத்து நீட்டினால், மாமியார், மருமகள், போலீஸ்காரர் எல்லாருக்கும் ஒரே கட்டைக் குரலில் சத்தமாக வாசிப்பார். பொங்கோலில் அவர்கள் குடியிருக்கும் மாடியின் லிஃப்ட் வரைக்கும் கேட்கும். அவர் நாக்கு எங்கே தடுக்கிறதோ அங்கே அக்கா கோடு போடுவாள். ஏன் தடுத்தது என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. "வாயில வரல லா, அவ்வளவுதான்," என்பார். அந்த வரியை அவள் மாற்றிவிடுவாள். மச்சான் வாசித்துப் பார்க்காத ஒரு வசனத்தையும் அவள் வெளியே அனுப்பியதில்லை.

போன வருஷம் அந்த நாக்கிலேயே புண் வந்தது. மிளகாய்ச் சம்பாலின் காரம் என்று சொல்லிச் சமாளித்தார். சாப்பிடும்போது ஒரு பக்கமாகவே மென்றார். நாளெல்லாம் பல் கிளினிக்கில் உட்கார்ந்திருக்கிற தனக்கு அது தெரியாமல் போய்விட்டதே என்பதை அக்காவால் இன்னமும் தாங்க முடியவில்லை. எனக்கு அவர்மேல்தான் கோபம். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லையா? புற்று என்றார்கள். நாக்கில் பாதியை எடுத்துவிட்டு, கையிலிருந்து சதை எடுத்து வைத்துத் தைத்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், உயிர் பிழைத்தார். பேச்சுதான் வாயில் வெந்நீரை வைத்துக்கொண்டு பேசுவதுபோல ஆகிவிட்டது. பயிற்சிக்குப் போகிறார். ஆனாலும் வீட்டில் சொல்ல வேண்டியதை ஃபோனில் தட்டித்தான் காட்டுவார்.

அந்த நேரம் பார்த்து அக்காவுக்கு ஒரு டெலிமூவி, அதாவது தொலைக்காட்சிக்கான படம், எழுதும் வாய்ப்பு வந்தது. இனிமேல் வேர்டில் தட்டி அனுப்பக்கூடாது, திரைக்கதை மென்பொருளில்தான் எழுத வேண்டும் என்றது தயாரிப்பு நிறுவனம். அக்கா அந்த வாய்ப்பையே விட்டுவிடப் பார்த்தாள். "வாசிக்க ஆளில்லாம எப்படி ஆஸ்மா எழுதுறது?" என்று என்னிடம் மட்டும் சொன்னாள். அது அறைக்குள் இருந்த மச்சான் காதில் விழுந்துவிட்டது.

மறுநாளே மென்பொருள் தேடும் வேலையை அவர் எடுத்துக்கொண்டார். கிடங்குக்கு ஃபோர்க்லிஃப்ட் வாங்குகிறவர் மாதிரி ஒவ்வொன்றையும் ட்ரையலில் ஓட்டிப் பார்த்தார். முதலாவது பெரிய ஆட்கள் பயன்படுத்துவதாம். தமிழில் தட்டினால் வெறும் கட்டம் கட்டமாக வந்தது. இரண்டாவது இலவசம். திரையில் தமிழ் அழகாகத்தான் வந்தது, பிடிஎஃப் எடுத்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். "இத அனுப்பினா டைரக்டர் கண் டாக்டர்கிட்டதான் போவாரு," என்றேன். மச்சான் சிரித்தார். சிரிக்கும்போது வாயோரம் வழிந்ததைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். அக்கா வேறு பக்கம் பார்த்தாள்.

மூன்றாவதில் எந்தத் தொல்லையும் இல்லை. அதோடு எழுதியதை அதுவே வாசித்தும் காட்டும்; எந்தப் பாத்திரத்துக்கு எந்தக் குரல் என்று நாமே பொறுக்கிக்கொள்ளலாம். மச்சான் தேடுவதை அதோடு நிறுத்திவிட்டார். ஃபோனில் தட்டி அக்காவிடம் காட்டினார்: 'இனி நான் வேண்டாம். இது நல்லா வாசிக்கும். எழுது.'

"நீங்க வேண்டாம்னு நான் சொன்னேனா?" என்று அக்கா கத்தினாள். அவள் கத்தி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஆனாலும் எழுதினாள். அவர் தேடிக் கொடுத்ததை எப்படித் தள்ளுவாள்?

எழுதி முடித்த சனிக்கிழமை என்னையும் கூப்பிட்டார்கள். மச்சானே பட்டனை அழுத்தினார். ஒரு ஆண் குரல், ஒரு பெண் குரல், இரண்டும் செய்தி வாசிக்கிற தொனியில். முதல் காட்சி போனது, இரண்டாவது போனது, ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. அக்காவுக்குச் சந்தேகம் வந்தது. யார் வாயிலும் நுழையாத முரட்டு வாக்கியம் ஒன்றை வேண்டுமென்றே நடுவில் தட்டிவிட்டு மறுபடி ஓடவிட்டாள். அதையும் வழவழவென்று வாசித்துவிட்டுப் போனது.

"இதுக்கு எல்லாமே நல்ல வசனம்தான்," என்றாள் அக்கா. "எது சரியில்லைன்னு நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?"

மச்சான் எழுந்து போய், முதல் காட்சியை இரண்டு பிரதி அச்செடுத்துக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் எங்கள் முன்னால் எதையும் வாய்விட்டு வாசித்ததில்லை. "வேணாங்க," என்றாள் அக்கா. அவர் கேட்கவில்லை. ஒன்றை அவளிடம் கொடுத்துவிட்டு, தன்னுடையதைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தார்.

முதல் வரியிலேயே தடுத்தது. திரும்ப ஆரம்பித்தார். நெற்றி வியர்த்தது. அக்கா பழக்கத்தில் கோடு போட்டாள். இரண்டாவது வரியிலும் தடுத்தது, கோடு போட்டாள். மூன்றாவதிலும் அப்படியே. பாதிப் பக்கம் தாண்டுவதற்குள், கோடு விழாத வரி ஒன்றுகூட இல்லை. அவளால் நிறுத்தவும் முடியவில்லை. நிறுத்தினால், பழுது வசனத்தில் இல்லை, அவர் நாக்கில்தான் என்று அவர் முகத்துக்கு நேராகச் சொன்னதாகிவிடும்.

மச்சான் நிமிர்ந்து அவள் கையிலிருந்த தாளைப் பார்த்தார். ஃபோனைத் தேடவில்லை. குழறிக் குழறி, ஆனால் எங்களுக்குப் புரியும்படி கேட்டார்.

"இதுல எது உன் தப்பு, பரீதா?"

"எல்லாமே என் தப்புதாங்க. எல்லாத்தையும் மாத்தி எழுதிடறேன். நீங்க வாசிங்க."

அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, அந்தத் தாளை மெதுவாக அவள் கையிலிருந்து வாங்கி, தன்னுடையதோடு சேர்த்து மடித்து வைத்தார். பிறகு கையை நீட்டிப் பட்டனை அழுத்தினார். மென்பொருள் முதல் காட்சியிலிருந்து வாசிக்க ஆரம்பித்தது. மூன்று பேரும் கடைசிவரை உட்கார்ந்து கேட்டோம். அந்த முரட்டு வாக்கியத்தை மட்டும் எடுத்துவிட்டு, வேறு ஒரு வரியையும் மாற்றாமல், அக்கா அதை அன்றைக்கே அனுப்பினாள்.