தேசப்பன் தண்ணீரில் இறங்கிய ஜீப்

பொங்கல் லீவு என்றால் மகாபலிபுரம் என்று என் வீட்டுக்காரர் ஒரு சட்டம் வைத்திருக்கிறார். கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் மூன்று முறை போயாகிவிட்டது. அங்கே இருக்கிற கல் யானையும் மாறவில்லை, அதன் பக்கத்தில் நின்று இவர் எடுத்துக்கொள்ளும் போட்டோவும் மாறவில்லை. இந்த எழுபத்து நாலாம் வருஷப் பொங்கலுக்கும் அதே பேச்சை எடுத்தார். இந்த முறை நான் சொல்கிற இடம்தான், அங்கே நானே வண்டியும் ஓட்டப் போகிறேன் என்று கறாராகச் சொல்லிவிட்டேன். அவர் சோறு பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

விஷயம் இதுதான். நான் திருவள்ளூர் முன்சீப் கோர்ட்டில் டைப்பிஸ்ட். கூட வேலை பார்ப்பவர் ஒருவர் சொல்லித்தான் புதுவாயல் எத்திராஜைப் பற்றித் தெரிந்தது. கல்கத்தா ரோட்டு முனையில் லாரி ரிப்பேர் ஷெட் வைத்திருக்கும் எத்திராஜ், மிலிட்டரி ஏலத்தில் ஒரு பழைய ஜீப் எடுத்திருக்கிறார். லீவு நாட்களில் நம்மைப் போன்றவர்களைப் பழவேற்காட்டு ஏரிக்கரைக்கு அழைத்துப் போய், ரோடே இல்லாத மணலில் ஜீப் ஓட்டக் கற்றுத் தருகிறார். ஷெட் வாசலில் போர்டே வைத்திருக்கிறார்: "ஓட்டத் தெரியாதவர்களும் வரலாம்." அந்த ஒரு வரியில் நான் விழுந்துவிட்டேன்.

கரிநாளுக்கு மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்குத் திருவள்ளூரிலிருந்து பஸ். பெரியபாளையம் வழியாகப் புதுவாயல் சுமார் இருபத்தைந்து மைல், டிக்கெட் ஆளுக்கு ஒரு ரூபாய் நாற்பது பைசா. பெரியபாளையத்தில் டிரைவர் டீ குடிக்க இறங்கினால் சீக்கிரம் திரும்ப மாட்டார், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏழரைக்குப் புதுவாயலில் இறங்கினோம். கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகளுக்காக நிலம் சமன் செய்கிறார்கள், அங்கே வேலைக்குப் போகிற ஆட்கள் கூட்டம் ரோட்டு முனையில் அலை மோதியது. இட்லி கிடைக்கவே கால் மணி நேரம் ஆயிற்று. வடைகறி மட்டும் அமோகம். இவர் இரண்டாவது முறை வாங்கிச் சாப்பிட்டார், மகாபலிபுரத்தைப் பற்றி அதன்பிறகு பேச்சே இல்லை.

எத்திராஜுக்கு நாற்பது வயதிருக்கும். கனத்த உடம்பு, காக்கி நிஜார், தோளில் ஒரு சிவப்புத் துண்டு. வாய் ஓயாத மனிதர். ஜீப்புக்கு மேல்கூரை இல்லை, கதவு இல்லை, பின் சீட் என்பது ஒரு பலகை. ஒரு நாளுக்கு நாற்பது ரூபாய், நாலு பேர் வரை போகலாம். பெட்ரோல் விலை ஏறிக் கிடக்கிற இந்த நேரத்தில் இது நியாயம்தான். பொன்னேரி வழியாகப் பதினெட்டு மைல். ஏரி கண்ணில் படும்போது மணி ஒன்பது. தண்ணீர் அந்தக் கோடிவரை பளபளவென்று கிடந்தது. எனக்கு உட்காரவே முடியவில்லை, எழுந்து நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

வருகிற வழியில் எத்திராஜ் ஒன்றைச் சொல்லியிருந்தார். நீங்கள் போவதானால் நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டும். ஏரியில் யார் வேண்டுமானாலும் எங்கு வேண்டுமானாலும் வலை போட முடியாது. மீன்பிடிக்கிற குடும்பங்களுக்குள் முறை உண்டு, அதற்குப் பாடு என்று பெயர். இன்ன இடம் இன்ன நாளில் இன்னாருக்கு என்று வைத்திருக்கிறார்கள். ஒரு முறை தவறினால் திரும்பத் தன் முறை வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். குப்பத்து ஆட்கள் எத்திராஜின் ஜீப்பைக் கரையில் விட ஒரே நிபந்தனை போட்டிருந்தார்கள். பாடு உள்ள தண்ணீரில் சக்கரம் படக்கூடாது. யாராவது ஒருத்தர் ஊரில் போய்ப் புகார் சொன்னால் அன்றோடு பாதை அடைப்பு. எத்திராஜ் ரிப்பேர் வேலையைக் குறைத்துக்கொண்டு இந்தத் தொழிலை நம்பி இறங்கியிருக்கிறவர். "அப்பால நான் ஜீப்ப வித்துட்டு பழையபடி ஸ்பேனர் புடிக்க வேண்டிதான்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

பாடம் தொடங்கியது. முதலில் நாலு டயரிலும் காற்றைக் குறைத்தார். மணலில் டயர் பரந்து உட்காரவேண்டுமாம். பிறகு கிளட்ச், கியர். மணலில் பிரேக்கைத் தொடாதே, நிறுத்தாதே, ஸ்டீயரிங்கை வெட்டி ஒடிக்காதே, ஒரே சீராகப் போய்க்கொண்டே இரு. நான் முதலில் ஏறினேன். இரண்டு தடவை இன்ஜின் நின்றது, மூன்றாம் தடவை வண்டி கிளம்பிவிட்டது. ஐயோ, அந்த முதல் நூறு கஜத்தை எப்படிச் சொல்வது. நானே ஓட்டுகிறேன் என்று கத்தினேன். கோர்ட்டில் இருமினால்கூடத் திரும்பிப் பார்க்கிற அமீனா அப்போது அங்கே இருந்திருக்க வேண்டும். மேடு ஏறி இறங்கும்போது வயிறு தனியாக மேலே போய்விட்டு வந்தது. பின்னால் பலகையில் உட்கார்ந்திருந்த இவர் குலதெய்வத்தைக் கூப்பிட்டதை நான் காதால் கேட்டேன்.

அப்புறம் இவர் ஏறினார். மனிதருக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தெரியும், ஆகையால் எல்லாம் தெரியும். கரையோரம் முழங்கால் அளவு தண்ணீர் தேங்கிய, யார் பாட்டிலும் சேராத ஒரு பள்ளத்தில் எத்திராஜே ஜீப்பை இறக்கி ஏற்றிக் காட்டினார். தண்ணீர் இரண்டு பக்கமும் பீய்ச்சி அடித்தது. இவர் முகம் சின்னப் பையன் முகமாக மாறிவிட்டது.

கடைசிப் பாடம், தனியாக ஓட்டுவது. எத்திராஜ் மணலில் சவுக்குக் கழிகளை வரிசையாக நட்டு, நுனியில் துணி கட்டி வைத்திருப்பார். கழிகளை ஒட்டியே போக வேண்டும், அவர் மறுகோடியில் நின்று துண்டை ஆட்டுவார். இவர் ஸ்டீயரிங்கில், நான் பக்கத்தில். பாதி தூரம் அருமையாகப் போனோம். மணல் மேடு ஒன்றைச் சுற்றி வந்ததும் எதிரே இரண்டு கழி வரிசைகள் தெரிந்தன. மேட்டுப் பக்கம் போன வரிசையில் துணிகள் காற்றில் பறந்துபோய் வெறும் குச்சியாக நின்றன. தண்ணீருக்குள் இறங்கிய வரிசையில் முதல் கழியில் துணி படபடத்தது. இவர் என்னைப் பார்த்தார். தண்ணீர்ப் பாடம்தான் இது, விடுங்கள் என்று நானும் சொன்னேன்.

உற்சாகமாக இறங்கினோம். நாற்பது கஜம் போயிருப்போம். மேலே மணல், கீழே கறுப்புச் சேறு. வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்துவிட்டது. இவர் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் கீழேதான் போயிற்று. திரும்பிப் பார்த்தால் எத்திராஜ் தலையில் கையை வைத்துக்கொண்டு ஓடி வருகிறார். வாய் ஓயாத அந்த மனிதர் கழியில் கட்டியிருந்த துணியை மட்டும் கையால் காட்டினார். அதைப் பார்த்ததும்தான் எனக்குப் புரிந்தது. நாங்கள் நிற்பது வலை கட்டுகிற கழி வரிசையின் நடுவில். துணி கட்டியிருந்தது, இன்றைக்கு இது ஒருத்தருடைய முறை என்பதற்கு.

அந்த ஒருத்தரும் வந்துவிட்டார். தேசப்பன் என்று பெயர். ஒல்லி மனிதர், தோணியில் வலைக் குவியல், கூட இரண்டு தம்பிகள். அவருடைய மனைவி பூங்காவனம் கூடைகளோடு கரையில் நின்றார். ஏரித் தண்ணீர் கடலுக்கு இறங்கத் தொடங்கும் நேரம் அது. இறங்குகிற தண்ணீரோடுதான் இறால் போகும், அதற்குமுன் வலை கட்டியாக வேண்டும். பூங்காவனம் தண்ணீருக்குள் இறங்கி வந்து நேராக என் வீட்டுக்காரர் முன்னால் நின்றார்.

"கண்ணு இன்னா பொடனியிலயா இருக்குது? இன்னிக்கு உட்டா எங்களுக்கு மறுபடி எப்போ வரும் தெர்யுமா?"

இவர் ஸ்டீயரிங்கை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஸ்கூட்டர் விவரமெல்லாம் எங்கே போயிற்றோ. நான் மன்னிப்புக் கேட்டேன். மன்னிப்பை வைத்து இறால் பிடிக்க முடியாதே. எத்திராஜ் தேசப்பன் பக்கம் போய், தம்பிகளோடு சேர்ந்து தள்ளினால் வண்டியை எடுத்துவிடலாம் என்று கெஞ்சினார். தேசப்பன் குனிந்து சக்கரத்தைத் தடவிப் பார்த்தார். தள்ளி எடுக்க ஒரு மணி நேரமாவது ஆகும், அதற்குள் தண்ணீர் இறங்கிவிடும் என்றார். வலையை நாலு கஜம் தள்ளிக் கட்டக்கூடாதா என்று நான் கேட்டேன். அந்தப் பக்கம் இன்னொருத்தன் தண்ணீர், அங்கே என் கழியை நட்டால் நான் திருடன் என்று பதில் வந்தது. எத்திராஜ் என் பக்கம் திரும்பவே இல்லை. ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாங்கள் வீட்டுக்குப் போய்விடுவோம், இந்த மனிதர் ஷெட்டுக்குத்தானே போகவேண்டும்.

தேசப்பன் ஜீப்பை ஒரு முறை சுற்றி வந்தார். முன்பக்கத்து இரும்புச் சட்டத்தைப் பிடித்து உலுக்கினார். அது அசையவில்லை. பின்பக்கக் கொக்கியையும் இழுத்துப் பார்த்தார்.

"கழி மாரி நிக்கிது. இதுலயே கட்டு," என்றார் தம்பியிடம். பிறகு எங்களைப் பார்த்து, "நீங்க நாலு பேரும் எறங்கி அடிக்கயித்த மிதிச்சிக்கினு நில்லுங்க. வண்டிக்கடில சந்து கெடைச்சா அத்தினி எறாலும் பூடும்."

நாலாவது ஆள் பூங்காவனம். அவரும் புடவையை வரிந்து கட்டிக்கொண்டார். கழிகளிலிருந்து வந்த வலையை ஜீப்பின் முன்சட்டத்தில் கட்டி, பக்கவாட்டில் இழுத்துப் பின் கொக்கியில் முடிச்சுப் போட்டார்கள். வலையின் அடிக்கயிற்றைச் சேற்றில் புதைத்து அதன்மேல் நாங்கள் வரிசையாக நின்றோம். எத்திராஜ், இவர், நான், பூங்காவனம். கால் அசைந்தால் பூங்காவனம் முழங்கையால் இடித்தார். அரை மணி ஆனதும் கணுக்காலில் ஏதோ சுளீரென்று பட்டது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் எண்ண முடியவில்லை. தண்ணீர் இறங்க இறங்க இறால் கூட்டம் கூட்டமாக வந்து வலையில் முட்டி எங்கள் கால்களைச் சுற்றித் துள்ளியது. நான் சிரிக்கிறேன், கத்துகிறேன், கயிற்றிலிருந்து மட்டும் காலை எடுக்கவில்லை. இவர் மீசைவரை சேறு. கோபமாக இருந்த பூங்காவனமே அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

இரண்டு மணிக்கு வலையைச் சுருட்டினார்கள். தண்ணீர் கணுக்கால் அளவுக்கு வந்திருந்தது. இப்போது ஜீப். சக்கரத்தடியில் தோணிப் பலகைகளைச் செருகினார்கள். பின்னால் தள்ள எத்திராஜ் வேண்டும், அவர் உடம்புக்கு ஈடு யாரும் இல்லை. எடை குறைந்த ஆள் ஸ்டீயரிங்கில் ஏறட்டும் என்றார் தேசப்பன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இந்தத் தடவை இன்ஜின் நின்றால் வண்டி இன்னும் புதையும். பிரேக்கைத் தொடாதே, நிறுத்தாதே என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கிளட்சை விட்டேன். பின்னாலிருந்து ஐந்து பேர் தள்ளினார்கள். வண்டி உறுமிக்கொண்டு பலகை மேல் ஏறியது. நான் கரை மேட்டில்தான் போய் நின்றேன். இவர் சேற்றில் குப்புற விழுந்து கிடந்தார், ஆனால் கை தட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு மணலில் பங்கு பிரித்தார்கள். அங்கே வழக்கம் இப்படி: வலைக்கு ஒரு குவியல், தோணிக்கு ஒரு குவியல், வேலை செய்த ஒவ்வொரு ஆளுக்கும் ஒன்று. எனக்கும் இவருக்கும்கூட ஆளுக்கொரு சின்னக் குவியல் போட்டார்கள். வேண்டாம் என்றதற்கு, கயிறு மிதித்தாயே என்று பூங்காவனம் அதட்டினார். எத்திராஜ் தனக்குப் போட்டதைத் தொடவில்லை. பாதையைப் பற்றிக் கேட்கவும் அவருக்கு வாய் வரவில்லை. தேசப்பன் கடைசியாக இரண்டு கை நிறைய அள்ளிக்கொண்டு எழுந்து, ஜீப்பின் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கொட்டினார்.

இது யாருக்கு என்று எத்திராஜ் மெதுவாகக் கேட்டார்.

"வண்டிக்குத்தான், நைனா. வலையத் தாங்கிச்சில்ல? பங்கு வாங்கினதுக்கு யாரு பாதைய அடைப்பான்?"

எத்திராஜ் சிவப்புத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். வேர்வையைத் துடைப்பதாக இவர் இன்னும் சொல்கிறார். எனக்குத் தெரியும், அழுதார்.

இறால் வாங்க வருகிற சைக்கிள்காரர்கள் நேரமாகிவிட்டதென்று போய்விட்டிருந்தார்கள். ஆகவே கூடைகளை ஜீப்பிலேயே ஏற்றினோம். தேசப்பனும் பூங்காவனமும் பின் பலகையில், நாங்கள் முன்னால் இடித்துப் பிடித்துக்கொண்டு. பொன்னேரி மார்க்கெட்டுக்கு மற்ற கூடைகளைவிட முன்னதாகவே போய்ச் சேர்ந்தோம். இது தேசப்பனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. நாங்கள் திருவள்ளூர் வீட்டுக் கதவைத் திறக்கும்போது இரவு எட்டரை. சேறு நாற்றம் மூன்று குளியலுக்குப் பிறகுதான் போயிற்று. பயந்தேனா என்றால், ஆமாம் பயந்தேன். திரும்பப் போவேனா என்றால், அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேளுங்கள்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். செருப்பு போட்டுக்கொண்டு போகாதீர்கள், சேறு பிடுங்கிக்கொள்ளும். பெண்கள் நூல் புடவை கட்டுங்கள், மாற்றுத் துணி இரண்டு செட் வேண்டும். வெயிலுக்குத் தலையில் துண்டு, குடிக்கத் தண்ணீர் வீட்டிலிருந்தே, ஏரித் தண்ணீர் உப்பு. கரையில் கடை கிடையாது. எந்தக் கழியை ஒட்டி ஓட்டுவது என்று ஒன்றுக்கு இரண்டு தடவை கேளுங்கள். எத்திராஜ் இப்போது தன் கழிகளுக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்துவிட்டார், இருந்தாலும் கேளுங்கள். புதுவாயல் ஷெட்டில் முதல் நாளே சொல்லி வைத்தால் ஜீப் நிச்சயம். தேசப்பனின் பாடு வருகிற நாளில் மட்டும் கேட்காதீர்கள். அன்றைக்கு என்ன கொடுத்தாலும் ஜீப் வராது, வண்டிக்கு ஏரியில் வேலை இருக்கிறது.