துத்தம் இறங்கிய குட்டை

கொட்டச்சேடு மலைக்கிராமத்துக்குக் கீழே நாங்கள் வேலை செய்த காப்பி எஸ்டேட்டில் ஒரு குட்டை இருந்தது. புருஷனை இழந்து எங்களோடு வந்து தங்கிய என் நாத்தனாரும் நானும் அதில் கெண்டைக் குஞ்சு விட்டோம். வீட்டில் வாய் திறக்காதவள், சாயங்காலம் தவிட்டு உருண்டையோடு குட்டைக் கரையில் உட்கார்ந்தால் மீன்களிடம் பேசுவாள். தண்ணீரில் கை வைத்தாலே கூட்டமாக வந்துவிடும்.

காப்பி இலையில் துரு நோய் வராமலிருக்க மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிப்பார்கள். என் வீட்டுக்காரருக்கும் அதுதான் வேலை. குட்டைக்குத் தண்ணீர் வரும் மேல் வாய்க்காலில் மருந்து கலக்கிய பீப்பாய்களைக் கழுவுவார்கள். அந்த வருஷம் மழை விடவில்லை. அடித்த மருந்தெல்லாம் கரைந்து ஓட, திரும்பத் திரும்ப அடித்தார்கள்.

முதலில் மீன்கள் தீனிக்கு வருவதை நிறுத்தின. உருண்டை அருகிலேயே கரைந்தாலும் தெரியாததுபோல் சுற்றின. பிறகு மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. செத்து ஒதுங்கிய ஒன்றின் செவுளை நாத்தனார் விரித்துப் பார்த்தாள். சிவப்பே இல்லை, சாம்பல் நிறத்தில் கஞ்சி போலக் கொழகொழத்தது.

குஞ்சு விற்றவர் சேலத்திலிருந்து வந்தார். மீன் வளர்ப்புப் படித்தவர். துத்தத்தில் இருக்கும் செம்பு மீனின் மோப்பத்தைக் கெடுக்கும், செவுளை அரிக்கும், தண்ணீரில் காற்று இருந்தும் மூச்சு முட்டும் என்றார். மிஞ்சியதைத் தின்னாதீர்கள், ஈரலில் செம்பு சேர்ந்திருக்கும் என்றும் சொன்னார்.

அன்று சாயங்காலம் நாத்தனார் தன் அண்ணனான என் வீட்டுக்காரரிடம் கேட்டாள்.

"பீப்பாய அங்கதான் கழுவுனியாண்ணா?"

"கழுவச் சொன்ன எடத்துல கழுவுனேன், கண்ணு. மீனு சாவும்னு எனக்குத் தெரியல."

அவள் சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டாள். அவரும் அன்று சாப்பிடவில்லை.

நான் எஸ்டேட் கணக்குப் பார்க்கும் ரைட்டரிடம் போனேன். மருந்து அடிக்காவிட்டால் காப்பியும் இல்லை, உங்களுக்கு வேலையும் இல்லை என்றார். பீப்பாய் கழுவும் இடத்தை மட்டும் மாற்றினார்கள். மறு வருஷம் தண்ணீர் தெளிந்திருந்ததை நம்பி அவள் மறுபடி குஞ்சு விட்டாள். செம்பு அடிச்சேற்றில் தங்கியிருந்தது. பாதி செத்தது, மீதி வளரவே இல்லை, தலை பெருத்து உடல் வற்றித் திரிந்தது. அவள் கரைக்குப் போவதையே விட்டுவிட்டாள்.

சில மாதத்தில் அவள் தன் மாமியார் ஊருக்கே திரும்பிப் போகிறேன் என்றாள். ஒண்டிக்கடை நிறுத்தத்தில் பஸ் ஏற்றிவிடப் போனோம். துத்தக் கறையில் நீலம் பாரித்த அண்ணனின் நகங்களைப் பிடித்துப் பார்த்தாள்.

"கைக்கு உறை கேட்டு வாங்கிப் போட்டுக்கிட்டு அடிண்ணா."

அவர் தலையாட்டினார். எஸ்டேட்டில் கேட்டும் பார்த்தார். அடுத்த வாரமும் வெறுங்கையோடுதான் அடித்தார்.