பத்துப் போடாத இடம்

மரவள்ளிச் செடியைத் தூரோடு பிடித்து இழுத்தேன். கிழங்கு வந்துவிட்டது, நான்தான் நிமிரவில்லை. நைனார்பாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் கொல்லை; இருபது வருடமாகச் செய்கிற வேலை. குனிந்தபடியே வரப்பு வரை நடந்துபோய்ப் படுத்தேன்.

மறுநாள் என் கணவர் கதிர்வேலு கள்ளக்குறிச்சியில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனார். அந்தம்மா காலைத் தூக்கச் சொன்னார், கட்டைவிரலை மடக்கச் சொன்னார், மாத்திரை எழுதினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஸ்கேன் எழுதலயாம்மா? இன்னா ஏதுன்னு எடுத்துப் பாத்துடலாங்க."

"இப்ப வேணாம்மா. எடுத்தா ஜவ்வு தேஞ்சிருக்குன்னு வரும். வலியே இல்லாதவங்களுக்கும் அப்படி வரும். அதப் பாத்து பயந்துக்கினு படுத்துடுவீங்க. மெதுவா நடங்க, முக்காவாசி பேருக்கு சில வாரத்துல தானா சரியாயிடும். ஆனா கால் தொவண்டாலோ, உக்கார்ற எடம் மரத்துப் போனாலோ, ஒண்ணுக்கு வராம நின்னாலோ, தெரியாமலே போனாலோ, ஒடனே ஓடி வரணும். காய்ச்சல் வந்தாலும் வாங்க."

படமே எடுக்காத டாக்டர் என்ன டாக்டர் என்று பஸ்ஸில் வழியெல்லாம் திட்டிக்கொண்டு வந்தேன். அவர் சொன்னது சரி. இடுப்புப் பிடித்த எல்லாருக்கும் படம் தேவையில்லை. கடைசியில் சொன்னதைக் காதில் வாங்காதது என் திமிர்.

கதிர்வேலு கல்வராயன் மலையிலிருந்து பச்சிலைப் பத்து வாங்கி வந்து இடுப்பில் போட்டார். பத்துப் போட்டு மரத்துப் போனால் மருந்து பிடித்துக்கொண்டது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. நாலாம் நாள் வலி பாதி குறைந்தது. பிட்டமும் தொடையின் உள்பக்கமும் மரத்திருந்தன.

"பாத்தியா, மல மருந்து" என்றார். எனக்கும் பெருமைதான்.

அடுத்த நாள் மத்தியானம் வெந்நீரை மொண்டு ஊற்றிக்கொண்டேன். முதுகில் சுட்டது. அதற்குக் கீழே தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. இன்னொரு சொம்பு ஊற்றினேன். அப்போதும் சத்தம்தான். பத்துப் போட்டது இடுப்பில். இந்த இடத்தில் யாரும் எதையும் பூசவில்லை. காலையிலிருந்து ஒன்றுக்குப் போகவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. முட்டவே இல்லை.

இதை எப்படி வாய்விட்டுச் சொல்வது என்று ஈரப் புடவையோடு நின்றேன். இதைப் படிக்கிற பெண்களுக்குச் சொல்கிறேன், அந்தக் கூச்சத்துக்கு நான் கால் மணி நேரம் கொடுத்தேன். கொடுத்திருக்கக் கூடாது.

"கீழ ஒண்ணும் தெரியலங்க. தண்ணி சுடல."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். "இன்னா சொல்ற? அந்தம்மா அன்னிக்கே சொல்லுச்சே. கெளம்பு."

டாக்டரம்மா பஞ்சால் தொட்டுத் தொட்டுக் கேட்டார். ஊசி முனைகூட எனக்குத் தெரியவில்லை. "இப்பதான் படம் வேணும். இப்பவே" என்றார். எம்.ஆர்.ஐ. (காந்தத்தைக் கொண்டு எடுக்கும் உள்படம்) எடுத்தார்கள்.

அந்தப் படத்தை எனக்கும் காட்டினார். முதுகெலும்புக்குள் இறங்கி வரும் நரம்புகள் அடியில் குதிரைவால் போலப் பிரிந்து தொங்குகின்றன. அதன் பெயரே அதுதானாம். பிதுங்கிய ஜவ்வு (எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் மெத்தை) அவற்றை நசுக்கியிருந்தது. களை வெட்ட, மூட்டை தூக்க, பிள்ளை பெற என்று நான் வேலை வாங்கிய உடம்பு இந்த மயிரிழைகளை நம்பித்தான் இருந்திருக்கிறது. பயத்தை மறந்து பார்த்துக்கொண்டே கிடந்தேன்.

"திரும்பி வருமாம்மா?"

"இன்னைக்கே ஆபரேஷன். வரும்னு நம்பலாம். எவ்ளோ வரும்னு சொல்ல முடியாது."

ஆபரேஷன் முடிந்து வாரக்கணக்கில் சிறுநீர்க் குழாயோடு இருந்தேன். குழாயை எடுத்துப் பார்த்த ஒரு நாள் காலையில் அடிவயிறு முட்டியது. அதற்குப் போய் யாராவது கும்பிடுவார்களா? நான் கும்பிட்டேன். இடது கால் கட்டைவிரல் இன்னும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. கிழமைகள் மறந்துவிட்டன, தொடையில் எந்த இடத்துக்கு என்றைக்கு உணர்ச்சி வந்தது என்பது மட்டும் நினைவிருக்கிறது.

மூன்றாம் மாதம் கொல்லைக்குப் போனோம். உச்சி வெயில். மோட்டார் கொட்டகை ஓரத்து சிமென்ட் கட்டையில் உட்கார்ந்தேன்.

"சுடுதுங்க."

"எந்திரி, நெழலுக்கு வா."

"இருங்க. கொஞ்ச நேரம் சுடட்டும்."

அவரும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.